லோகேஸ்வரிக்குப் பஸ்ஸில் இடமில்லை

— ஏறாதீங்கன்னா ஏறாதீங்க அக்கா. மொதப் படியில காலை வெச்சுக்கிட்டு என்னா பேச்சு இது?

— பேசாம? நம்ம கோலா சாவா ஊருல நடிகர் தேவமாறன் ரசிகர் மன்றத்துக்கு மொத ஆளா பேரு குடுத்தவ இந்த லோகேஸ்வரி. அப்ப நீ வேற நடிகருக்கு விசில் அடிச்சிக்கிட்டு இருந்தே, புனிதா. இன்னைக்கு நீ தலைவரு, நான் வெளியாளா? கேக்கிறேன், சொல்லு!

— பழங்கதை வேணாம். சட்டம்னா சட்டம். தேவமாறன் அண்ணன் படத்தைக் கேவலமா பேசுனவங்களுக்குப் புதுப்படத்து மொதக் காட்சிக்குப் போற பஸ்ல எடம் கெடையாது.

— என்னா கேவலமா பேசிட்டேன்? போன படத்துல இடைவேளைக்கு அப்பறம் எந்திரிச்சு ஓடிரலாம் போல இருந்துச்சுன்னு சொன்னேன். அதுவும் நம்ம வாட்சப் குரூப்புல, நம்ம ஆளுங்ககிட்ட.

— அது மந்தின் ஊரு எதிர் மன்றத்துப் பசங்க கைக்குப் போயிருச்சே! உங்க குரலை வெட்டி, உறுமி மேளத்தைச் சேத்து, டிக்டாக்ல விட்டுட்டானுங்க. சிரம்பான்ல ஒரு டீ குடிக்க முடியல லா. “என்னா தலைவரே, ஓடிரலாமா?”ங்கிறானுங்க. சண்டைக்குப் போயி ஒதடு கிழிஞ்சதுதான் மிச்சம்.

— அனுப்புனவன் யாருன்னு கண்டுபிடிச்சியா? அவன் இந்த பஸ்லதான் ஜன்னல் சீட்டுல உக்காந்திருப்பான். உண்மையச் சொன்னவ வெளிய நிக்கிறா.

— ரசிகருன்னா உண்மை பேசக் கூடாது அக்கா!

— இதை இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. கடைசி சீட்டு வரைக்கும் கேக்கட்டும்.

— வாயைப் புடுங்காதீங்க. கடைசியா ஒரு வழி சொல்றேன். இங்கயே, இப்பவே ஒரு மன்னிப்பு. “தப்பா பேசிட்டேன், படம் சூப்பரு”ன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டு ஏறுங்க.

— புனிதா, அந்தப் படம் தியேட்டரை விட்டுப் போயிரக் கூடாதுன்னு தெனம் வேலை முடிஞ்சதும் பேக்டரி யூனிபார்மோட போயி உக்காந்தேன் டா. புடிக்காத படத்துக்கு! காலி நாற்காலிங்களுக்கு நடுவுல ஒத்தையா கைதட்டுனேன். எங்க வீட்டுக்காரரு, “உனக்கென்னா கிறுக்கா?”ன்னாரு. நீ எத்தனை வாட்டி பாத்தே? கேக்கிறேன்.

— நான்... தலைவருக்கு வேலை இருக்கும்லா? வாசல்ல கட்டவுட்டு, உறுமி, பார்க்கிங்காரன்கூட தகராறு...

— ஒரு வாட்டிகூட முழுசா பாக்கல. அதானே?

— பேச்சை மாத்தாதீங்க! மன்னிப்பு கேப்பீங்களா, மாட்டீங்களா?

— மாட்டேன். பொய் சொல்லித்தான் உக்காரணும்னா அந்த சீட்டே எனக்கு வேணாம்.

— அப்ப காலை எடுங்க. மணியம் அண்ணே, கதவைச் சாத்துங்க! தர்மேந்திரா, உறுமியெல்லாம் ஏத்தியாச்சா? டேய், என்னாடா போனையே மொறச்சிக்கிட்டு நிக்கிறே?

— பாஸ்... அண்ணன் சென்னையில பேட்டி குடுக்கிறாரு, பாஸ். இப்ப, லைவ்ல.

— புதுப்படத்தைப் பத்தியா? சத்தத்தைக் கூட்டு, எல்லாரும் கேக்கட்டும்!

— வேணாம் பாஸ்.

— கூட்டுடான்னா!

— நானே சொல்லிர்றேன் பாஸ். போன படம் குப்பைங்கிறாரு. மனசே இல்லாமதான் நடிச்சாராம். “அதையும் உக்காந்து பாத்துக் கைதட்டுனாங்களே, அவங்களை என்னான்னு சொல்றது?”ன்னு சிரிக்கிறாரு. சுத்தி இருக்கிறவங்களும் சிரிக்கிறாங்க.

— புனிதா? ஏய், புனிதா! ஏன் இப்படிக் கீழ உக்காந்துட்டே?

— யாரும் போக வேணாம் அக்கா. மணியம் அண்ணே, இன்ஜினை நிறுத்துங்க. எல்லாரும் எறங்குங்க! இந்த ஆளுக்காகவா நான் மந்தின்காரன்கிட்ட அடி வாங்குனேன்? மன்றமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்.

— யாரும் எறங்கக் கூடாது! தர்மேந்திரா, அந்தப் போனை உள்ள வை. எந்திரி புனிதா, மொதக் காட்சிக்கு நேரமாச்சு.

— இன்னுமா போகணும்ங்கிறீங்க? நீங்க சொன்னதையேதான் அக்கா அவரும் சொல்றாரு! படம் மோசம்னு. நீங்கதான் ஜெயிச்சிட்டீங்க.

— நான் சொல்லுவேன் டா, நாளைக்கும் சொல்லுவேன். காலி தியேட்டர்ல ஒத்தையா உக்காந்து கைதட்டுனவ நான். அந்தப் படத்தைக் குப்பைன்னு சொல்றதுக்கு அவரு யாரு?