எட்டாம் நம்பர் வண்டியின் இடப்பக்கம்

அன்று பேசியதை வரி பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்தான். எங்கள் மூன்று பேர் ரேஸ் கார் குழுவில் மூத்தவரான, உளுந்தூர்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடை அரங்கநாதன் அண்ணன் என்னென்ன சொன்னார் என்பதை இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதனால் அவர் பேசியதை விட்டுவிட்டேன். நான் பேசியது மட்டும் இது.

ஹலோ... ஹலோ, அண்ணா... எழில்மதிதான்... கேக்குது, கேக்குது, சொல்லுங்க... வெள்ளிமலைலதான். ரோட்டு வளைவுல நிக்கிறேன். குவார்ட்டர்ஸுக்குள்ள டவர் எங்க எடுக்குது, இங்க வந்தாதான் ரெண்டு கோடு காட்டும்... ஆமா, ஆஸ்பத்திரி முடிஞ்சிடுச்சி, மாத்திர குடுக்கிற ஜன்னல மூடிட்டுதான் வந்தேன்... சாப்ட்டேன்... அதுவும் ஆச்சி... சரிண்ணா, நீங்க சாப்பாட்டக் கேக்கறதுக்கா கூப்ட்டீங்க.

ஆமா. எழுதிட்டேன்... கார்லுக்குத்தான்... இல்ல, இன்னும் போவல. அனுப்பலாம்னு எடுக்கறேன், ஒங்க போனு வந்துடுச்சி... நிஷாத் சொன்னானா... சொல்லட்டும், சொல்லட்டும். ஒங்களுக்குத் தெரியணும்னுதான் அவங்கிட்ட சொன்னேன். முதுகுக்குப் பின்னாடி பண்ற வேலையா இது.

இன்னா அவசரமா... அண்ணா, அமெரிக்காவுல இண்டியானால கார்ல் பட்டறைல நிக்குதே அந்த எட்டாம் நம்பர் ரேஸ் காரு, அது மாதிரி வேற ஒண்ணு கெடையாது. இத எனக்கு நீங்கதான் சொன்னீங்க. இஞ்சின் போச்சு, சீட்டு போச்சு, மிச்சம் இருக்கறது அந்தத் தகரம் ஒண்ணுதான். இன்னிக்கி பட்டறை தொறந்ததும் அந்தத் தகரத்த அறுக்கப் போறாரு. எதுக்கு அறுக்கறாரு... நெட்டுல நாம இங்கிலீஷ்ல போட்ட கட்டுரைய படிச்சிட்டு.

ஆமா... ஆமா, சைலன்சர் பைப்பு வலது பக்கம்னு நாமதான் எழுதினோம். அவரு வண்டில ஓட்டை இடது பக்கம் இருக்குது. எவனோ பின்னாடி வந்தவன் மாத்திட்டான்னு அவரு நெனச்சிக்கினாரு. இடது பக்கத்த மூடி பத்தவெச்சிட்டு, வலது பக்கம் புதுசா அறுக்கப் போறாரு... அந்த இடது பக்கந்தாண்ணா அசலு. அவரு கையில அசலே இருக்குது. நாம சொன்னதால அழிக்கப் போறாரு.

எப்படித் தெரியும்னா... நிஷாத் சொல்லலியா. அவன முழுசா பேச வுட்டீங்களா... அதானே.

படம் இடம் வலம் மாறியிருக்குதுண்ணா. நீங்க கள்ளக்குறிச்சி பழைய பேப்பர் கடைல எடைக்கி எடுத்தீங்களே அந்த அமெரிக்க மோட்டார் புக்கு, அத அச்சடிச்சவனே பிலிம்ம திருப்பிப் போட்டுட்டான்... இல்ல, நம்பர் நேராதான் தெரியும். எட்டு எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டுதானே. ஏழா இருந்திருந்தா மொத நாளே புடிச்சிருப்போம்.

கொற சொல்லலண்ணா. நம்ம மூணு பேருந்தான் பாத்தோம். எத்தினி வாட்டி பாத்தோம்... அந்த வட்ட ரேஸெல்லாம் இடது பக்கமாத்தான் சுத்தும்னு நமக்குத் தெரியாதா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஆனா படத்துல வண்டி வலமா போவுது, ஒருத்தர் கண்ணுக்கும் உறுத்தல. ஏன்னு நான் ரொம்ப யோசிச்சேன்... தேரு அப்படித்தான் போவுது. சாமி பொறப்பாடு அப்படித்தான் போவுது. பொறந்ததுலேர்ந்து வலமா சுத்தறதையே பாத்த கண்ணு, சரியாத்தான் போவுதுன்னு வுட்டுடுச்சி.

நிஷாத்துக்கு எப்படித் தோணிச்சின்னா... அவங்க அம்மா மெஹ்ராஜ் பேகம் மக்காவுக்கு உம்ரா போயிட்டு வந்தாங்க இல்ல, அங்க காபாவ சுத்தற வீடியோ. அங்கயும் ரேஸு மாதிரியே இடது தோள் உள்பக்கம் வர்ற மாதிரி சுத்துவாங்க. அம்மா போன்ல அத்த பாத்துட்டு, இவன் போன்ல நம்ம படத்த தொறந்திருக்கான். ஏதோ ஒண்ணு பொருந்தலயேன்னு அப்பதான் தோணியிருக்குது... சிரிக்காதீங்க. சிரிக்கிற விசயம் இல்ல இது.

சரி, அத்த வுடுங்க. கடைலதான இருக்கீங்க... கல்லாவுக்குப் பின்னாடி செவுத்துல பெரிசு பண்ணி மாட்டியிருக்கீங்களே, அத்த போயி பாருங்க. வேலி ஓரமா தொப்பி போட்டுக்கினு ஒரு ஆளு நிக்கிறாரு இல்ல... அவருதான். அவரு சட்டப் பாக்கெட்டு எந்தப் பக்கம் இருக்குது... இல்ல, நீங்க எழுந்து போயி பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்.

...

லாரி ஹாரன் கேக்குது. உளுந்தூர்பேட்டைல எந்நேரமும் இதே சத்தந்தான்.

...

அண்ணா.

...

வலது பக்கம் இருக்குது, இல்ல.

மாத்தித் தச்சிருப்பானா... சரி, தச்சிருக்கட்டும். பின்னாடி இன்னொருத்தரு நிக்கிறாரு, கைய கட்டிக்கினு. அவருக்கு எந்தப் பக்கம்... அவருக்கும் அதே டெய்லரா... அதுக்குப் பின்னாடி இருக்கறவருக்கும்? ஊருக்கே ஒரே டெய்லரா இருந்திருப்பாரு போல.

சரி, நான் கிண்டல் பண்ணல. சொல்லுங்க... சொல்லுங்க, கேட்டுக்கினுதான் இருக்கேன்.

பேனரா... பாத்தேண்ணா. ஒங்க ஊர்ல பஸ்ஸு மாறறப்போ பாத்தேன். அமெரிக்கா செல்லும் எங்கள் அண்ணன்னு போட்டு, ஒங்க பக்கத்துக் கடை கொளஞ்சியப்பன்லேர்ந்து ஆதிமூலம் வரைக்கும் எல்லாரும் கை கூப்பிக்கினு நிக்கிறாங்க. பக்கத்துல காரு. அதுவும் இடம் வலம் மாறித்தான் நிக்குது... டிக்கெட்டு கார்ல் போட்டுக் குடுத்தது தெரியும். வண்டிய சரிபண்ணி ஓட்டிக் காட்டற அன்னிக்கி நீங்க பக்கத்துல நிக்கணும்னு ஆசப்படறதும் தெரியும். நான் ஏண்ணா கெடுக்கப் போறேன். இதுக்காக நீங்க வர வேணாம்னு அவரு சொல்லமாட்டாரு. சொன்னா சொல்லிட்டுப் போறாரு.

போயிட்டு வந்து சொல்லிக்கலாமா... அறுத்தப்புறம் இன்னா சொல்றது. ஒங்க கடைல தொங்குற ஸ்பேர் பார்ட்டா அது, ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்து மாட்ட.

...

இல்ல, கட்டாவல. இருக்கேன். நீங்க கேட்டத யோசிச்சிக்கினு இருந்தேன்... பொறாமையான்னு கேட்டீங்க இல்ல, அதத்தான்.

...

இருக்கலாம். கொஞ்சம் இருக்கலாம்ணா. கட்டுரைல உள்ளூர் நண்பர்களின் உதவியோடன்னு போட்டீங்க. எம்பேரு இல்ல, நிஷாத் பேரு இல்ல. அன்னிக்கி நான் எதுனா கேட்டனா... பொறாமைல எழுதறதா இருந்தா நான் ஏண்ணா இன்னிக்கி எழுதறேன். அறுத்து முடிக்கட்டும்னு கம்முனு இருந்துட்டு, நீங்க அங்க போயி மாலையோட நிக்கிறப்போ எழுதியிருப்பேன். அப்பதான ஒங்களுக்கு அசிங்கம் ஜாஸ்தி.

இன்னா... இல்ல, இன்னா சொல்ல வந்தீங்க. பாதில நிறுத்திட்டீங்க. மாத்திர பிரிச்சிக் குடுக்கறவளுக்குன்னு ஆரம்பிச்சீங்க... சொல்லுங்க, வந்த வார்த்தைய முழுங்காதீங்க... காரப் பத்தி இன்னா தெரியும்னுதான.

தெரியாதுன்னே வெச்சிக்குங்க. அவளுக்கு ஒண்ணு தெரியும். மாத்திர மாத்திக் குடுத்துட்டா, தெரிஞ்ச நிமிசம் ஜன்னல தொறந்துபோட்டு ஓடணும். அந்த ஆளு மினி பஸ் ஏறிட்டிருந்தாலும் நிறுத்தணும். நம்ம மேல பேரு வருமேன்னு, சந்த முடியட்டும் அப்பறம் சொல்லிக்கலாம்னு நின்னுக்கினு இருக்க முடியாது. நான் ஓடியிருக்கேன். எல்லாரும் பாக்கப் பாக்க இந்த ரோட்டுலதான் ஓடினேன்... தகரத்துக்கும் உசுருக்கும் முடிச்சு போடலண்ணா. ஓடறது ஒண்ணுதான்னு சொல்றேன்.

லெட்டர்ல நிஷாத் பேரு போடல. தெரியும், அவன் மாட்டேன்னுட்டான். கண்டுபுடிச்சது நீதானடா, ஒம்பேர முதல்ல போடறேன்னேன். வேணாங்க்கா, எங்க அத்தாவுக்கு வில்லங்கம் ஆயிடும்னான்... ஏன்னு ஒங்களுக்குத் தெரியாதா. அவங்க அத்தா நூர் முகமது பாய் டயர் கடைக்கி லாரிக்காரங்கள அனுப்பறது நீங்க. அவன் பயப்படறான், பயப்படட்டும். எம்பேரு மட்டும் போட்டிருக்கேன். எனக்கு நீங்க யாரையும் அனுப்ப வேணாம். எங்கிட்ட வர்றவங்க ஜொரம் வந்தா தானா வருவாங்க.

குரூப்புலேர்ந்து எடுத்துடுவீங்களா... எடுத்துடுங்க... நெசமாத்தான் சொல்றேன், எடுத்துடுங்க. மூணு பேரு இருக்கற குரூப்பு. என்ன எடுத்துட்டா, நிஷாத் வாயத் தொறக்கமாட்டான். அப்பறம் நீங்களே ஒரு படம் போட்டு, நீங்களே சூப்பர்னு எழுதிக்கணும்.

...

நீங்க எழுதறீங்களா... நெசமாவா... அண்ணா, அதுதாண்ணா எனக்கு வேணும். நீங்களே எழுதுங்க. எங்களுக்கே தெரிய வந்துது, அறுக்காத, நிறுத்துன்னு நாலு வரி போதும். எம்பேரு வேணாம், நிஷாத் பேரு வேணாம். நான் எழுதினத அழிச்சிடறேன். இப்பவே எழுதுங்க... இப்ப... ஏன் இப்ப முடியாது... ஞாயித்துக்கெழமையா.

அங்க விடிஞ்சிடுச்சிண்ணா. இங்க பொழுது சாயற நேரம், அங்க பட்டறை தொறக்கற நேரம்... யோசிக்கணும்னா யோசிங்க, நிதானமா யோசிங்க, அதுக்கு முன்னாடி நிறுத்துன்னு ஒரு வார்த்த அனுப்பிட்டு யோசிங்க... அதுவும் முடியாதா... சரி.

சரி... சரிண்ணா... ஆமா, மொத மொத ரேஸ் காரு படத்த எனக்குக் காட்டினது நீங்கதான்... ஆமா, அந்த மஞ்சக் காரு... ஆமா, பஸ்ஸுக்கு நின்னப்போ. ஞாபகம் இருக்குது. அத ஏன் இப்ப சொல்றீங்க... சொல்லுங்க... ஆமா, ஒங்க பையனும் அங்க இருந்தான்... ஆமா...

...

அண்ணா, ஒண்ணு கேக்கட்டா. இந்த வளைவுல போன் பேசினா நெட்டு நின்னுடும்னு ஒங்களுக்குத் தெரியும் இல்ல. நான்தான் போன வாரம் சொன்னேன்.

...

அதானா. சாப்ட்டியான்னு கேட்டதுலேர்ந்து மஞ்சக் காரு வரைக்கும் அதுக்குத்தானா. நான் பேசிக்கினு இருந்தா எதுவும் போவாது. அதுக்குள்ள அங்க பட்டறை தொறந்துடும்.

...

நான் கோவப்படல... கோவந்தான், ஆனா கத்தல.

இத்தினி வருசத்துல நீங்க வெச்சப்பறந்தான் நான் போன வெச்சிருக்கேன். ஒரு வாட்டி கூட முன்னாடி வெச்சதில்ல, பெரியவருன்னு... இல்ல, கேளுங்க... இல்லண்ணா... நீங்க இன்னா சொன்னாலும் இல்ல. இன்னிக்கி நான் வெக்கிறேன்.

வெக்கிறேண்ணா.

பிறகு நடந்தது இவ்வளவுதான். நான் இணைப்பைத் துண்டித்ததும் கடிதத்தை அனுப்பினேன், போய்விட்டது. கார்ல் அதைப் படித்தபோது தகரத்தின் மேல் சாக்பீஸ் கோடு மட்டும் போட்டிருந்தார். அதைத் துடைத்துவிட்டதாக எழுதினார். வண்டியின் பைப் இப்போது இடப்பக்கம் இருக்கிறது. அண்ணனுக்குப் போட்ட பயணச்சீட்டை அவர் ரத்து செய்யவில்லை. அரங்கநாதன் அண்ணன்தான் போகவில்லை. பேனரை ஆடிக்காற்று கிழித்தது. குழுவில் இருந்து அவர் என்னை எடுத்துவிட்டார். மறுநாளே நிஷாத்தும் வெளியே வந்துவிட்டான். நாங்கள் இருவரும் எழுதிய திருத்தக் கட்டுரையில் அவன் பெயர் முதலில் இருக்கிறது, பிறகு அவனே கேட்டுக்கொண்டதால். அவன் அத்தாவின் கடைக்கு லாரிகள் இன்னும் வருகின்றன. நான் வெள்ளிமலையில்தான் இருக்கிறேன். அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. போன மாதம் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது அவர் கடையைக் கடந்து போனேன். அவர் தலை நிமிரவில்லை. கல்லாவுக்குப் பின்னால் அந்தப் படம் புதிதாகப் பிரிண்ட் எடுத்து மாட்டியிருந்தது. எட்டாம் நம்பர் வண்டி அதில் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.