இரண்டாவது சாவி

பெயர் ரகுபதி, வயது 46, தகப்பனார் பெயர் நாகப்பன், பிள்ளைப்பாக்கம் கிராமம். வல்லம் வடகாலில் உள்ள கார் உதிரிபாகக் கம்பெனியில் பதினான்கு வருடமாக மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் இதே நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது பொய். இன்று யாரும் அழைக்காமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் மெஷினுக்குள் இறங்குகிறவன் முதலில் மெயின் சுவிட்சில் தன் நம்பர் போட்ட சிவப்புப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் வெளியே வந்து திறக்கும்வரை யாரும் மெஷினை ஓட்ட முடியாது. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. என் கீழ் வேலை செய்யும் மாரிமுத்து, வயது 24, சங்கரன்கோவில் பக்கம், தங்கமான பையன், ஆனால் மறதிக்காரன். பூட்டை எடுக்காமலே டீ குடிக்கப் போய்விடுவான். மூன்று தடவை லைன் நின்று நான் திட்டு வாங்கினேன். அதன் பிறகு அவனுக்குத் தெரியாமல் அவன் பூட்டுக்கு இன்னொரு சாவி வெட்டி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு, ஒரு நாவலைப் படமாக எடுக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனிக்குள் ஷூட்டிங் வந்தார்கள். கதையில் கொலைகாரன், கன்வேயருக்கு அடியில் வேலை செய்கிறவனின் பூட்டைக் கள்ளச்சாவியால் திறந்து மெஷினை ஓட்டிவிடுகிறான். உதவி டைரக்டர் இசைவாணி அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டி, இப்படி நடக்குமா என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல், "இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க, எங்கிட்டயே ஒண்ணு கீது" என்று சாவியைக் காட்டினேன். டைரக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்து, கொலைகாரன் கையாக இதையே எடுக்கலாம், முகம் வராது என்றார். எனக்கு ஒரே குஷி. வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அதன் பிறகு, பெல்ட்டுக்கு அடியில் ஆயில் பளபளக்கிறது என்றார்கள். மாரிமுத்துவை நன்றாகத் துடைக்கச் சொன்னேன். அவன் பூட்டு மாட்டி இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு சாப்பாடு வந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஷாட் ரெடி என்றபோது பூட்டு அப்படியே தொங்கியது. வழக்கம்போல் மறந்துவிட்டு டீ வண்டிக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். ஒரு குரல் கொடுக்கவில்லை. குனிந்து பார்க்கவில்லை. எட்டு அடி தூரம்தான், சார்.

கேமரா ஓடும்போது பூட்டைத் திறந்து சுவிட்சைத் திருப்பினேன். பெல்ட் நகர்ந்தது. அலறல் கேட்டது. படத்துக்காக யாரோ கத்துகிறார்கள் என்று எல்லோரும் அசையாமல் நின்றார்கள். "அண்ணாச்சி, கை, அண்ணாச்சி" என்று கேட்டது. அங்கே என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். சுவிட்சை அணைத்தேன். அதற்குள் அவன் வலது கை மணிக்கட்டு வரை போய்விட்டது.

மேனேஜர் வனமாமலை, "பூட்டே போடலன்னு சொல்லிடு, அவன் மறதிக்காரன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார். அப்படியே சொன்னேன். பூட்டை எடுத்து ஒளித்து வைத்தேன். சினிமாக்காரர்கள் நான் திறந்ததைத் தங்கள் ஆட்கள் மாட்டிய பூட்டு என்று நினைத்திருந்தார்கள். தப்பு அவனுடையது என்று கம்பெனி நஷ்டஈட்டை மறுத்துவிட்டது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரிமுத்து, "நாந்தான் பூட்டு போட மறந்துட்டேன் போல அண்ணாச்சி. கோட்டிக்காரப் பய. ஒங்களுக்கும் கெட்ட பேரு" என்றான். அவன் மனைவி இசக்கிசெல்வி, ரத்தம் காய்ந்த சட்டையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, "இது எந்தப் பூட்டுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள். அந்தப் பூட்டு அப்போது என் சாப்பாட்டுப் பையில் இருந்தது. பாவி நான்.

17ஆம் நம்பர் பூட்டையும் நான் வெட்டிய சாவியையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். ஷூட்டிங்கில் எடுத்த ஷாட்டை வாங்கிப் பாருங்கள். நம்பர் தெரியும். கட்டைவிரலில் வெல்டிங் தழும்போடு தெரிகிற கை என்னுடையது.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் இல்லை. பூட்டு போட மறந்துவிட்டேன் என்று மாரிமுத்து கொடுத்த வாக்குமூலத்தையும் எனக்குக் காட்டினார்கள். ஐ.டி.ஐ. படித்த பையன், கையெழுத்துக்குப் பதிலாக இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறான். நான் வலது கையால் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) நா. ரகுபதி