ராகு காலத்துக்கு முன்பே போன பதிவு

பெயர்: வைதேகி. வயது: 44. கணவர் பெயர்: ஸ்ரீராம். முகவரி: சிங்கப்பூர், செங்காங், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடு. தொழில்: முன்பு உணவகத்தில் விளம்பரப் பொறுப்பாளர், தற்சமயம் வேலையில் இல்லை. வாக்குமூலம் தமிழில் சொல்லப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் உடன் இருந்தார்.

மேற்படி முகவரியில் என் கணவருடனும் மகளுடனும் வசித்து வருகிறேன். லிட்டில் இந்தியாவில் உள்ள கமலவேணி உணவகத்தின் சமூக ஊடகக் கணக்குக்குள் நான் அனுமதியில்லாமல் நுழைந்து பதிவுகளின் நேரத்தை மாற்றியதாகவும், அதனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை கடையில் தள்ளுமுள்ளு நடந்து ஒருவருக்குக் காயம் ஏற்பட்டதாகவும் புகார் வந்திருப்பதாக அதிகாரி எனக்குச் சொன்னார். நான் நுழையவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு என்று அதிகாரி சொன்னதால் இங்கே வருகிறது. அடுத்த மாதம் புக்கிட் பாத்தோக்கில் ஒரு பாலர் பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர இருக்கிறேன். என் பெயரில் போலீஸ் விவகாரம் இருந்தால் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். அந்த வேலை போனால் இந்த வயதில் நான் வேறு எங்கே போய் நிற்பது?

நான் தஞ்சாவூரிலிருந்து திருமணமாகி வந்தவள். வந்த மறு வருடமே கமலவேணி உணவகத்தில் காசாளராகச் சேர்ந்தேன். முதலாளி திருமதி குணமணி. அவரை நாங்கள் எல்லோரும் மணியம்மா என்றுதான் அழைப்போம். அப்போது ஒரே ஒரு கடைதான். வாசலில் கரும்பலகை இருக்கும், அன்றைய குழம்பை அதில் நான் எழுதுவேன். அதன் பிறகு மணியம்மா எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து, “இனிமே பலகையப் படம் புடிச்சு பேஸ்புக்ல போடு வைதேகி, சனம் அங்கதான் இருக்குதாம்” என்றார். அதுதான் நாங்கள் போட்ட முதல் பதிவு. சாக்கட்டித் தூள் படிந்த என் விரலும் அந்தப் படத்தில் விழுந்திருந்தது. வேறு படம் எடுக்கலாம் என்றேன், இதுவே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அந்த நாள்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையில் உட்கார இடம் கிடைக்காது. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை செய்யும் ஆள்கள் விடுதிகளிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள், சாப்பிட்டுவிட்டுப் புல்வெளியில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுவார்கள். ஊரோடு திரும்பிப் போனவர்களும் எங்கள் பேஜை விடமாட்டார்கள். புதுக்கோட்டைக்குத் திரும்பிப் போன ஒருவர் தினமும் கீழே வந்து “அம்மா, இன்னைக்கு என்ன குழம்பு?” என்று எழுதுவார். பதிவிலேயே குழம்பின் பெயர் இருக்கும், இருந்தும் கேட்பார். மணியம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவருக்குக் குரல் பதிவு அனுப்புவார். இது வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். தேவை என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு கேலாங், புக்கிட் பாத்தோக், செங்காங் என்று மூன்று கிளைகள் வந்தன. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி பேஜ். கேலாங்கில் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்காக விடியற்காலையிலேயே இட்லிப் பதிவு போகவேண்டும். புக்கிட் பாத்தோக்கில் மதியச் சாப்பாடு, செங்காங்கில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்காகச் சாயங்காலம். கையால் போட முடியாமல்போகவே ஷெட்யூல் செய்யும் செயலி ஒன்றை வாங்கினோம். ஒரு வாரத்துக்கு உண்டான பதிவுகளை முன்கூட்டியே ஏற்றி நேரம் குறித்துவிட்டால் அதுவே வெளியிட்டுவிடும். அதன் லாகின் என் பெயரில் திறக்கப்பட்டது. இன்று நான் இங்கே உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

மணியம்மா எந்தப் பதிவையும் ராகு காலத்தில் வெளியிட விடமாட்டார். தினமும் காலையில் பின்மேசையில் பால் சேர்க்காத தே ஓ வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு கிளைகளின் நேரத்தையும் வாசிக்கச் சொல்வார். நான் முதல் வாரம் தமிழ்நாட்டு நாள்காட்டியில் போட்டிருந்தபடி பார்த்து மாற்றினேன். “அது ஊரு கணக்குலா. இங்க சூரியன் ஏழு மணிக்குத்தானே வருது? ஒரு மணி நேரம் கூட்டிக்க” என்றார். அன்றிலிருந்து கூட்டிக்கொண்டேன். பதிவை ராகு காலத்துக்கு முன்னால் நகர்த்தவேண்டும், பின்னால் தள்ளக்கூடாது என்பது அவர் வைத்த விதி. நகர்த்திய கையோடு, எல்லாக் கிளைகளுக்கும் சமைத்து அனுப்பும் மத்திய சமையற்கூடத்துக்குப் போன் போட்டுச் சாப்பாட்டு வண்டியையும் முன்னால் நகர்த்திவிடுவார். மறந்துபோய் ஒரு பதிவு அந்த நேரத்தில் போய்விட்டால் அடுத்த நிமிடம் போன் அடிக்கும், யார் எடுத்தாலும் திட்டு விழும். அவருடைய மகன் யதீசன்தான் அதிகம் வாங்குவார். அவர் கூட்டங்களில் எல்லோர் முன்னாலும், “ராகு காலத்துல இன்ஸ்டாகிராம மூடிருவாங்களாம்மா?” என்று கேலி செய்வார். நாங்கள் சிரிப்போம். மணியம்மாவும் சிரித்துவிட்டு, “மாத்துடா” என்பார். நானும் மனத்துக்குள் சலித்துக்கொண்டுதான் மாற்றுவேன். ஆனால் அந்தக் காலை நேரத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்பது இப்போது தெரிகிறது.

மணியம்மா இந்த வருடம் பொங்கல் முடிந்து இறந்துபோனார். அதன் பிறகு யதீசன் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டு திரு. நிதீஷ் என்பவரை விளம்பர மேலாளராக நியமித்தார். திரு. நிதீஷ் நான்கு பேஜ்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே பதிவு போகவேண்டும் என்றார். கேலாங்காரர்களுக்குச் சாயங்காலம் எதற்கு இட்லிப் பதிவு என்று கேட்டேன். “அக்கா, டேட்டா சொல்லுது” என்றார். டேட்டா போய் இட்லி சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டு அந்த மாதமே விலகினேன். கடைசி நாளில் பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி யதீசன் கையில் கொடுத்தேன், என் போனிலிருந்து செயலியை அவர் முன்னாலேயே அழித்தேன். லாகினை அவர்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மாற்றவில்லை என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு சில வாரம் கழித்து யதீசன் எனக்குப் போன் செய்தார். “அக்கா, கேலண்டர்ல ஒரு நேரம் போட்டிருக்கு, அம்மா வேற நேரம் சொல்வாங்கல்ல? எப்படிப் பார்ப்பாங்க?” என்று கேட்டார். ஏதோ திதி காரியத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்து, ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளச் சொன்னேன். வேறு எதுவும் பேசவில்லை.

சென்ற ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நான்கு பேஜ்களிலும் இலவச பிரியாணிப் பதிவு வெளியாக ஏற்பாடு செய்திருந்தார்களாம். வண்டி அதற்குச் சற்று முன்னால் லிட்டில் இந்தியா கடைக்கு வந்து சேரவேண்டும். ஆனால் பதிவு ஐந்தேகாலுக்கே வெளியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சாலையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிரியாணி வரவில்லை, ஆள்கள் வந்துவிட்டார்கள். நெரிசலில் கண்ணாடிக் கதவு உடைந்து காசாளர் சம்சுன்னிசாவின் கையைக் கிழித்துவிட்டது. சம்சுன்னிசா நான் வேலை சொல்லிக் கொடுத்த பெண். மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன், தையல் போட்டிருந்தார்கள். “யாரு அக்கா இப்படிச் செஞ்சது?” என்று என்னையே கேட்டாள். அதற்குள் திரு. நிதீஷ் என் பெயரில் இருந்த லாகினைக் காட்டிக் கம்பெனி சார்பில் புகார் கொடுத்துவிட்டார். சில வாரமாகவே பதிவுகள் தாமாக நகர்ந்ததாகவும் அதில் சொல்லியிருக்கிறார். காவல் நிலையத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

நேற்று மாலை யதீசன் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்து என்னை இறங்கி வரச் சொன்னார். கல் மேசையில் உட்கார்ந்திருந்தார். பதிவுகளை நகர்த்தியது தான்தான் என்று அவரே சொன்னார். இங்கே ஞாயிறு ராகு காலம் ஐந்தரைக்குத் தொடங்குகிறது, அதனால் ஆறு மணிப் பதிவை அதற்கு முன்னால் ஐந்தேகாலுக்கு இழுத்திருக்கிறார். பதிவை நகர்த்திய நினைவில் வண்டியை நகர்த்த மறந்துபோயிருக்கிறார். “நிதீஷ் எல்லார் முன்னாடியும் ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்லிட்டான்கா. நான்தான்னு எப்படிச் சொல்றது? இத்தன வருஷம் நான் அம்மாவ வச்சு சிரிச்சிருக்கேன். பழக்கதோஷத்துல மாத்திட்டேன்னு நீங்க சொல்லிருங்க, மறுநாளே நான் புகார வாபஸ் வாங்கிடறேன்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. “தம்பி, உங்களுக்குப் போறது மானம். எனக்குப் போறது சோறு. அந்தப் பொண்ணு கையில தையல் போட்டிருக்கு, போய்ப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். இன்னும் பார்க்கவில்லை என்றார். நம்பாதவருக்கு ராகு காலம் எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதைச் சொன்னபடியே இங்கே எழுத அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

“முதல்ல நான் எதையும் மாத்தலக்கா. வேணும்னே ஒரு போஸ்ட ராகு காலத்துல விட்டேன். விட்டுட்டு போன மேசமேல வச்சு உட்கார்ந்திருந்தேன். திட்டு வரும்னு இருந்தேன். ராகு காலம் முடிஞ்சும் போன் அடிக்கல. அடக்கம் பண்ணப்போகூட எனக்குத் தெரியல, அப்பத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் என்னால ஒரு போஸ்டக்கூட அந்த நேரத்துல விட முடியல.”

நான் அவர் தோளில் கை வைத்தேன். ஆனாலும் அவர் கேட்டபடி சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். கடை அவருடையது, நேரம் மாற்ற அவருக்கு யார் அனுமதியும் தேவையில்லை. நேரம் மாறியது அவர் கையால், என் கையால் அல்ல.

நான் சொன்னவை அனைத்தும் எனக்குத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டப்பட்டன. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொன்னதல்ல. நான் அறிந்த வரையில் உண்மை. திருத்தம் ஏதும் உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். மணியம்மா என்று வரும் இடங்களில் முறைப்படி ‘காலஞ்சென்ற’ என்று சேர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

(ஒப்பம்) வைதேகி