எல்லாரும் தங்கிப் போகிற வீடு

கிட்ட வந்து உட்கார், புனிதா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள், எனக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்ஸ்பெக்டர் என்று கூப்பிட வாய் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஒரு கதை சொல்கிறேன், ஒளிவு மறைவு இல்லாமல், நடந்தது நடந்தபடி. கடலோரத்தில் குடித்தனம் பண்ணினால் உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைக்க வேண்டும், தெரியுமா? இல்லாவிட்டால் காற்றிலேயே உப்பு நீர்த்துப்போகும். நீயெல்லாம் ஈப்போவில் வளர்ந்த பிள்ளை, தெரிந்திருக்காது.

எங்கள் அப்பச்சி, என்னைப் பெற்றவர், ஈப்போவில் வியாபாரம் பண்ணி, பந்தாய் ரெமிஸ் பக்கம் கடலைப் பார்த்தபடி அந்த வீட்டைக் கட்டினார். அவருக்குப் பிறகு ஈப்போ வீடு தம்பி விஸ்வநாதனுக்கு. கடற்கரை வீட்டில் நான். என் வீட்டுக்காரர் செட்டியாரும் போய்ச் சேர்ந்து, பிள்ளை குட்டியும் இல்லாதவளுக்கு வேறு எங்கே போக்கிடம்? மற்ற நாளெல்லாம் நானும் நண்டும்தான். பள்ளி விடுமுறை விட்டால் கார் வரும். தம்பி, அவன் மகன் அருண்பிரகாஷ், அருண் பெண்டாட்டி தனேஸ்வரி, பிள்ளைகள், கூடவே அருணுடைய சிநேகிதர்கள். கூடத்தில் பாய் விரிக்க இடம் இருக்காது. நான் பணியாரம் சுடச்சுட, அடுப்படியில் நின்றபடியே தின்பார்கள்.

"அயித்தை, நீங்க கடை போட்டா ஈப்போவுல பாதிக் கடைய மூடிருவாங்க லா" என்பான் அருண். ஈரக் கையை என் முந்தானையில்தான் துடைப்பான்.

கிளம்புகிற நாள்தான் எனக்கு ஆகாது. கார் மணலைத் தாண்டி ரோட்டில் ஏறுகிறவரை பார்த்துவிட்டு உள்ளே வந்தால், தலையணைகளில் இன்னும் சூடு இருக்கும்.

முதலில் நடந்தது என் வேலை இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள். ஒரு விடுமுறையில் தனேஸ்வரி காலில் திருக்கை மீன் முள் குத்திவிட்டது. கால் வீங்கிக் காய்ச்சல் வந்து பயணம் தள்ளிப்போயிற்று. எல்லாரும் தங்கினார்கள். ஒருவருக்கொருவர் இதமாகப் பேசினார்கள். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போனாள். அதைப்போல் ஒரு வாரம் என் ஆயுசில் இல்லை. யாருக்காவது ஒன்று என்றால் யாரும் கிளம்புவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த விடுமுறையில் வந்ததும் வராததுமாகக் கேமரன் மலைக்குப் போகிற பேச்சு. பின்வாசல் படியில் தேங்காய் எண்ணெய் தடவினேன். கொஞ்சம்தான். தம்பி விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்த சத்தம் அடுப்படிவரை கேட்டது, காய்ந்த விறகை ஒடிக்கிற மாதிரி. ஆபரேஷன் ஆகி மாசக்கணக்கில் என் வீட்டில்தான் படுத்திருந்தான். என் கையால் ஊட்டினேன். சின்ன வயசுக்குப் பிறகு அவன் என்னிடம் அப்படி ஒட்டிக்கொண்டு இருந்ததே இல்லை.

அதற்கடுத்த முறை உடையப்பன் வந்திருந்தான், அருணுடைய சிநேகிதன். வெயில் ஏறுவதற்குள் புறப்பட வேண்டும் என்று எல்லாரையும் விரட்டினான். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை அவன் மடியில் சாய்த்தேன். கால்சட்டையோடு தோலும் உரிந்து வந்தது. நல்ல பையன். ஆயர் தாவாரில் கிளினிக்கில் நான்தான் அவன் கூட உட்கார்ந்திருந்தேன். கை தவறிவிட்டது என்று நான் சொன்னதற்கு, "பரவால்ல ஆச்சி, அழாதீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

ஒன்றைத்தான் நான் யோசிக்காமல் விட்டேன். காயம் ஆறிவிடும். ஆறினதும் கிளம்பிவிடுவார்கள். கிளம்பினவர்களுக்குப் பயமும் வந்துவிடும். போன விடுமுறையில் தம்பி கைத்தடியை ஊன்றி உட்கார்ந்து சொன்னான், எங்களில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவது:

"ஆச்சி, வீடு ராசியில்ல. வித்துருவோம். நீங்க ஈப்போவுக்கு வந்துருங்க, கீழ் ரூம் சும்மாதான் இருக்கு."

"லீவுக்கு நீங்கள்லாம் எங்க போவீங்க?"

"அதான் பிளேன் இருக்கே அயித்தை" என்று தனேஸ்வரி சிரித்தாள். "பிள்ளைங்க பாலிக்குப் போலாம்னு நச்சரிக்குதுங்க லா."

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். காயம்தான் ஆறும், சாவு ஆறாது. செத்தவருக்கு வருஷா வருஷம் திதி உண்டு. சாம்பலை எங்கள் கடலில்தான் கரைப்பார்கள். கரைத்த இடத்துக்கு வராமல் இருப்பார்களா? யார் என்பதுதான் கேள்வி. நான் செத்தால் ஒரு வருஷம் வருவார்கள், அப்புறம் மறந்துவிடும். தம்பிக்கு வயசாகிவிட்டது, நல்ல சாவு என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளைத் தொட எனக்கு மனசு வராது, நான் அப்படிப்பட்டவள் இல்லை. எல்லாரும் உயிரை வைத்திருந்தது அருண்மேல்தான். நானும்தான்.

மறுநாள் மத்தியானம் கடல் வற்றியிருந்தது. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். பின்பக்கத்துப் பாறையில் அருண் குனிந்து சிப்பி பெயர்த்துக்கொண்டிருந்தான். அம்மிக் குழவியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். கத்தி என்றால் கொலை என்று தெரிந்துவிடும். கல் என்றால் பாறையில் விழுந்த மாதிரி இருக்கும்.

"என்ன அயித்தை, இந்த வெயில்ல வாரீங்க? தலையில துண்டப் போடுங்க லா" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தான்.

பின்மண்டையில் ஒன்று போட்டேன். அதோடு முடியும் என்று இருந்தேன், முடியவில்லை. மண்டியிட்டு என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் ரத்தம் இறங்கியிருந்தது, நான் யாரென்று தெரியவில்லை போலிருக்கிறது. "அயித்தையக் கூப்பிடுங்க" என்றான். "இங்கதான் இருக்கேன் ராசா" என்று சொல்லிவிட்டு நெற்றியில் ஒன்று போட்டேன். பிறகு தாடையில். பல் பாறையில் தெறித்தது. சேலையிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவனைப் பாறை இடுக்கில் கவிழ்த்துப் போட்டு, குழவியைக் கழுவி ஒளித்துவிட்டு, அப்புறம்தான் கத்தினேன்.

எல்லாரும் தங்கினார்கள். ஈப்போவிலிருந்து, பீடோரிலிருந்து சனம் வந்து கூடம் கொள்ளவில்லை. பதினாறாம் நாள் சமையலுக்கு அதே குழவியில்தான் துவையல் அரைத்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான், அதில் குறை சொல்ல முடியாது. இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரி அறிக்கை வந்ததும், ஒரு தரம் விழுந்தவனுக்கு மூன்று இடத்தில் எப்படி ஆச்சி உடையும் என்று நீ கேட்டாய். கெட்டிக்காரி. அவன் விழவே இல்லை. நான்தான் அடித்துக் கொன்றேன். தம்பியை விழவைத்ததும் உடையப்பனைச் சுட்டதும் நான்தான். எழுதி முடி, கையெழுத்துப் போடுகிறேன்.

நீ சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கடல் பக்கமே இனிக் காலெடுத்து வைக்க மாட்டேன், திதியை ஈப்போ கோயிலில் வைத்துக்கொள்கிறோம் என்று தனேஸ்வரி சொன்னாளாம். துக்கத்தில் பேசுகிறாள். புருஷனை அந்தத் தண்ணீரில் கரைத்துவிட்டு எங்கே போவாள்? வருவார்கள். வீட்டுச் சாவியை மட்டும் யாரிடமாவது கொடுத்து வை, புனிதா. திதிக்கு முன்னால் பாய்களை வெயிலில் போட வேண்டும்.

கடிகாரத்தைப் பார்க்கிறாய், உனக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கும். போய் வா, தாயி. உன் வீடு நிறைந்திருக்கட்டும். பந்தி குறையாமல் இருக்கட்டும். உன் வாசலுக்கு வந்தவர்கள் ஒருவர்கூடச் சீக்கிரம் கிளம்பாமல், கடைசிவரை உன்னோடேயே தங்கட்டும்.