ஹேண்டிலை ஏத்தினவனுக்குப் பால் கேன்

— கைய எடு தங்கச்சி. அந்த போல்ட்டத் திருகாத. அது ஸ்டீல் சைக்கிளு, இட்லிச் சட்டி இல்ல.

— நீயும் திருக மாட்டேன்ற, என்னியும் திருகாதன்ற. அப்போ யாரு தான் சாலமோன் அண்ணா திருகுவா? வூட்டாண்டேர்ந்து உன் கட வரிக்கும் இத்த தள்ளிகினு வந்துகீறேன். டோல்கேட்ல லாரிக்கு நடுவுல. அவரு ஜும்மா முடிச்சி வர்றதுக்குள்ள திரும்ப கொண்டும்போயி நிறுத்தணும்.

— அப்போ முதஸ்ஸிருக்குத் தெரியாமத்தான் வந்திருக்க.

— தெரிஞ்சா வுடுவாரா எங்க வூட்டுக்காரரு? "சாலமோன் அளந்து வெச்சது, யாரும் தொடக்கூடாது." ஐகோர்ட்டு தீர்ப்பு மாதிரி சொல்லிகினு கீறாரு. ஹேண்டிலுக்கு மேல நாலு வளையத்த அடுக்கி வெச்சிகீற. அத்த எட்து ஹேண்டிலுக்கு கீழ போட்டா ஹேண்டில் மேல வந்துரும். எங்க பொண்ணு ஜஸீமா யூட்யூப்ல காட்டுச்சு. அஞ்சு நிமிஷ வேல. அதுக்கு கால் மணி நேரமா என்னாண்ட நாயம் பேசிகினு கீற.

— யூட்யூபுக்காரன் அவன அளந்தானா? நான் அளந்தேன். செவத்துல சாத்தி நிறுத்தி, தூக்குக் குண்டு கட்டி, தொட நீளம், கை நீளம் எல்லாம் பாத்து, அன்னைக்கு ஆராதனைக்குக்கூடப் போவல நான், கேட்டியா. இந்த ஃப்ரேமப் பாரு. பைப்பு எவ்வளவு ஒல்லியா இருக்கு. சீட்டு மேல, ஹேண்டில் கீழ, ஆளு முதுகு பலவ மாதிரி. எண்ணூர் ரோட்டுல கடக்காத்து எதுத்து அடிக்கும்போது அது முதுகு மேல வழுக்கிட்டுப் போயிரும். ஹேண்டில ஏத்தினா அம்புட்டையும் நெஞ்சுல வாங்கணும்.

— வாங்கட்டும். நெஞ்ச இன்னா வாடகைக்கா எட்துகீறாரு?

— பாக்கவும் நல்லா இருக்காது. நல்ல சைக்கிளுக்கு ஒட்டகக் கழுத்து வெச்ச மாதிரி நிக்கும்.

— அழகா கீதான்னு பாக்க இதுக்கு இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீறாங்க? நாப்பத்தெட்டு வயசு மனுஷன் அதுல ஏறி குந்தணும். அத்த பாரு.

— சரி, தடியா டேப்பு சுத்தித் தாரேன். ஜெல் வெச்ச கையுற ஒன்னு வந்திருக்கு, அதயும் எடுத்துட்டுப் போ.

— அந்த கிளவுஸும் கீது வூட்ல. ரெண்டு ஜோடி கீது. போன வெள்ளிக்கெயம வண்ணாரப்பேட்டைல ஒரு கடைக்கும் போனேன். அந்த ஆளு இத்த பாத்ததும், "இது சாலமோன் அண்ணன் செட்டு பண்ணது, நான் கை வெக்க மாட்டேம்மா"ன்னு கும்புட்டு அனுப்பிச்சிட்டான். இன்னா ஊருண்ணா இது. ஒரு ஹேண்டில ஏத்தறதுக்கு எம்.எல்.ஏ. லெட்டர் வாங்கியாரணுமா?

— அப்படிச் சொன்னானா அவம்.

— சந்தோசப்படாத. திட்டிகினு கீறேன் நான்.

— சரி, நான் ஒன்னு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. மூணு மாசமா ஞாயித்துக்கெழம அவம் எங்ககூட சைக்கிள் ஓட்ட வாரதில்ல. ஃபோன் அடிச்சா எடுக்கதில்ல. நீதான வேண்டாம்னு சொன்ன?

— நானா.

— பின்ன? எத்தன வீட்டப் பாத்திருக்கேன். மொதல்ல ஞாயித்துக்கெழம போவாதம்பாவ. அப்புறம் ஹேண்டில ஏத்தும்பாவ. கடசில சைக்கிளையே வித்துரும்பாவ. பொம்பளையாளுக எல்லாருக்கும் இதே வரிசதான்.

— பேஜாருடா சாமி. பொறந்து வளந்தது எல்லாம் இங்க தான, இன்னும் உங்கப்பாரோட தெக்கத்தி நாசரேத்து பேச்சும் போவல, நாசரேத்து புத்தியும் போவல உனக்கு. அண்ணா, அந்த பால் கேனு யாரு ஐடியா?

— எந்தப் பால் கேனு?

— தெரியாத மாதிரி கேக்காத. உங்க கூட்டத்துல எவன் ஹேண்டில ஏத்துனாலும் அதுல பால் கேன கட்டி தொங்க வுடுவீங்களே. அத்தோட அவன் எண்ணூர்லேர்ந்து டோல்கேட் வரிக்கும் "பாலு, பாலு"ன்னு கூவிகினே வரணுமே. அந்த ஐடியா.

— அது சும்மா தமாசு. ஹேண்டில் ஏறினா பால்காரன் சைக்கிளு மாதிரி தெரியும்லா.

— யாரு ஐடியான்னு கேட்டேன்.

— நான்தான் ஆரம்பிச்சேன். கருணாகரனுக்குக்கூடக் கட்டினோம். அவம் சிரிச்சுக்கிட்டேதான் ஓட்டினான்.

— எங்க வூட்டுக்காரரும் சிரிச்சிகினு தான் ஓட்டுனாரு. வீடியோ எட்து குரூப்புல போட்டீங்களே, நானும் பாத்தேன். எங்கண்ணன் பாத்தான், எங்க மாமியாரு பாத்தாங்க. ஒரே ஒரு வளையம். உன்னாண்ட சொல்லாம அவரே கீழ மாத்திகினாரு. அத்த கண்டுபுடிச்சி கேன கட்டுனீங்க. அன்னிக்கு வூட்டுக்கு வந்ததும் மொத வேலையா அந்த வளையத்த பழையபடி மேல போட்டாரு. அப்பால ஞாயித்துக்கெயம வரல. இப்போ சொல்லு, நானா வேணாம்னேன்?

— ஒரு வளையத்துக்குக் கோவிச்சுக்கிட்டானா?

— கோச்சிக்கில. வெக்கப்பட்டாரு. அத்த ஏன் ஏத்துனாருன்னு உங்கள்ல ஒருத்தனாவது கேட்டீங்களா?

— முதுகு வலியா இருக்கும். அதெல்லாம் ஓட்ட ஓட்டச் சரியாயிரும்.

— இதே தான். இதே தான் அவரும் உன் வாயிலேர்ந்து கேட்டுகினு வந்து வூட்ல சொல்லுவாரு. கயுத்து நோவுதுன்னாரு, தைலம் தேச்சேன். "ஓட்ட ஓட்ட சரியாப்பூடும் சாபிரா." முதுகு நோவுதுன்னாரு, இஸ்திரிப் பொட்டில துணிய சூடு காட்டி வெச்சேன். "சரியாப்பூடும் சாபிரா." அப்பால விரலு.

— வெரலா.

— மரத்துப்பூட்ச்சு. ஊசில குத்துனா தெர்ல அவருக்கு.

— எந்த வெரலு? சுண்டு வெரலும் பக்கத்து வெரலுமா?

— ஆமா.

— ரெண்டு கையுமா?

— சோத்துக்கை. ஆஸ்பத்திரில அந்த டாக்டரம்மாவும் இதான் கேட்டாங்க. குனிஞ்சிகினு ஒடம்பு பாரத்த பூரா உள்ளங்கை மேல போட்டு ஓட்றாராம். அங்க ஓடற நரம்பு நசுங்கிப்போயி கீதாம்.

— சட்ட பட்டன் போட வருதா அவனுக்கு?

— நான் போட்டு வுடறேன். பசங்க பாத்தா புடிக்காது. கதவ சாத்திகினு போட்டு வுடறேன்.

— சரி தங்கச்சி. அப்போ கொஞ்ச நாளு ஓட்டவே வேண்டாம். சைக்கிள இங்கன வுட்டுட்டுப் போ. கை சரியாவட்டும்.

— முழுசா கேளுண்ணா. நடுவுல நடுவுல பூந்து வைத்தியம் சொல்லாத. அவரு இன்னா வேல பாக்கறாரு?

— இது என்ன கேள்வி. மணலிப் பக்கம் கண்டெய்னர் யார்டுல கிரேன் ஓட்டுதான்.

— ஓட்டிகினு இருந்தாரு. இப்போ கேட்ல நின்னுகினு லாரிக்கு கை காட்றாரு.

— என்ன சொல்லுத நீ.

— கண்டெய்னர் பொட்டி மேல தொங்க சொல்லோ லீவர் கைல கீதா, நழுவிடுச்சான்னு அவருக்கு தெர்ல. பொட்டி ஆடிப்போயி, கீழ அடுக்கி வெச்ச பொட்டில இடிச்சி, ரெண்டு பொட்டி சரிஞ்சிச்சு. அந்த எடத்துல தான் எப்பவும் ஆளுங்க நிப்பாங்க. அன்னிக்கு டீ குடிக்க போயிகீறாங்க. அல்லா காப்பாத்துனான். இது எப்போன்னு கேளு. வளையத்த மேல போட்டு ரெண்டு வாரம் கயிச்சி.

— பால் கேனுக்கு அப்புறமா.

— அப்பால தான்.

— எங்கிட்ட ஏன் சொல்லல அவம்?

— இன்னான்னு சொல்லுவாரு? அடுத்த மாசம் கம்பெனி டாக்டர் கைய பாக்கப் போறாரு. விரலுக்கு உணர்ச்சி வந்துகீதுன்னு அவரு சொன்னா திரும்ப கிரேன்ல ஏத்துவாங்க. இல்லன்னா கேட்டு வேல தான், ரிட்டயர் ஆவற வரிக்கும் கேட்டு தான். நேத்து வேலைக்கு வந்த பசங்க எல்லாம் கிரேன்லேர்ந்து அவர கை தட்டி கூப்புட்றானுங்க.

— அதான சொல்லுதேன். கை முக்கியம்லா. சைக்கிள நிப்பாட்டச் சொல்லு.

— நிப்பாட்னா அவரே நின்னுபூடுவாரு. கேட்டுக்கு எறக்குனதுலேர்ந்து யாராண்டயும் பேசறதில்ல. டி.வி. பாக்கறதில்ல. பொண்ணு எதுனா கேட்டா தலைய ஆட்றாரு. மாத்தூர் வழியா வேலைக்கு சைக்கிள்ல போறாரே, போக சொல்லோ வர சொல்லோ, அப்போ மட்டும் தான் அவரு அவரா கீறாரு. டாக்டரம்மாவும் நிப்பாட்ட சொல்லல. ஹேண்டில ஏத்தி, நிமுந்து குந்தி ஓட்டுங்க, பாரம் இடுப்புக்கு வரட்டும், நரம்பு தானா எய்ந்துக்கும்னு தான் சொன்னாங்க. அத்த தான் நானும் கேக்கறேன். நாலு வளையம். ராக்கெட்டு வுட சொல்லல.

— அத அவனே வந்து கேக்கலாம்லா. நான் என்ன நேத்துப் பழகினவனா?

— நானும் அதயே தான் கேட்டேன். "சாலமோன் சர்ச்சுக்கு கூட போவாம எனக்காக அளந்தான். எனக்கு ஒத்து வர்லன்னு சொன்னா அவன் மூஞ்ச நான் எப்டி பாப்பேன்"ன்னாரு. உன் மூஞ்சிய காப்பாத்த தன் கைய வுட்டுட்டாரு. தெனிக்கும் தெரு முனைல எறங்கி, கரண்டு கம்பத்த புடிச்சிகினு நிக்கறாருண்ணா, முதுகு நிமுர்ற வரிக்கும். அப்பால தான் ஒயுங்கா நடந்து வூட்டுக்கு வர்றாரு. நான் மாடிலேர்ந்து பாத்துகினு நிக்கறேன்.

— டேப்பு மட்டும் தடியா சுத்திப் பாப்போம் தங்கச்சி.

— திரும்பவும் டேப்பா? இரு, இரு. அதோ செவுத்துல தொங்குதே, அது உன் சைக்கிளு தான?

— ஆமா.

— அதுல ஹேண்டில் எந்த உசரத்துல கீதோ, அதே உசரம் தான் இதுலயும் கீது. நீ பனமரம் கணக்கா கீற. அவரு உன் தோள்பட்டைக்கு தான் வருவாரு, தொப்ப வேற. எப்டிண்ணா ரெண்டுக்கும் ஒரே உசரம் வந்துச்சு?

— அளக்கத்தான் செஞ்சேன் தங்கச்சி. சீட்டெல்லாம் அவன் அளவுதான்.

— ஹேண்டிலு?

— ஹேண்டில் மட்டும் எனக்கு உள்ளது மாதிரி வெச்சேன். ரெண்டு பேரும் சேந்து போவயில ரெண்டு சைக்கிளும் ஒன்னு போல இருக்கணும்னு ஒரு ஆச. பின்னால வாரவன் பாத்தா அண்ணன் தம்பின்னு நெனைக்கணும்னு. அவனுக்கும் அது பிடிச்சிருந்துது.

— அட பாவி மனுஷா. இத்த வெச்சிகினா இவ்ளோ நேரம் காத்து, தூக்குக் குண்டு, ஒட்டகக் கயுத்துன்னு என்னாண்ட கத வுட்டுகினு இருந்த?

— திட்டுதத அப்புறம் திட்டு. இங்கன வா. முன் சக்கரத்த ரெண்டு முட்டிக்கும் நடுவுல இறுக்கிப் பிடி. ஆட விடாத.

— புட்ச்சிகினேன்.

— மேல மூடியக் கழத்தியாச்சு. சைடுல ரெண்டு போல்ட்டையும் தளத்தியாச்சு. இப்போ ஹேண்டில பைய மேல தூக்கு. இழுக்காத, பிரேக் ஒயரு இருக்கு. ம், அப்படித்தான். வளையத்த ஒன்னொன்னா பைப்புல போடு.

— நாலுமா?

— நாலையும் போடு. மிச்சம் வெச்சு என்னத்துக்கு. இப்போ ஹேண்டில அதுக்கு மேல வெச்சு அழுத்து. சக்கரமும் அதுவும் ஒரே நேர்ல இருக்கா?

— கீது. இன்னா உசரம் வந்துச்சு பாருண்ணா. எங்க வூட்டு பசங்க சைக்கிளு மாதிரி கீது. நல்லா கீது. இதுக்கு தான் நான் இத்தினி நாளா தூக்கம் இல்லாம கெடந்தேன்.

— மூடியப் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழம அவன வரச் சொல்லு. பால் கேன நான் எடைக்குப் போட்டுருதேன்.

— சொல்றேன். வருவாரா தெர்ல. சீக்கிரம் சைடு போல்ட்ட முறுக்குண்ணா, பள்ளிவாசல் வுட்டுருவாங்க.

— நீ முறுக்கு.

— நானா? கடைய தொறந்து வெச்சிகினு, வந்த பொம்பளயாண்ட முறுக்க சொல்ற. இன்னா வெளாட்டு இது. இது ஒயுங்கா இறுகலன்னா ஓட்ட சொல்லோ ஹேண்டில் கையோட வந்துரும்னு அவரே சொல்லிகீறாரு. அவரு உசுருண்ணா இது.

— அதனாலதான் சொல்லுதேன். இந்தா, அலன் கீயப் பிடி, நீயே முறுக்கு. எனக்கு ரெண்டு கையிலயும் அந்த ரெண்டு வெரலும் செத்து ஒரு வருசத்துக்கு மேல ஆவுது தங்கச்சி. போல்ட்டு இறுகிச்சா இல்லையான்னு என் கைக்குத் தெரிய மாட்டேங்கு.