ஒரு தடவைதான் அமுக்கினேன்

— அண்ணே, இதுவும் வேணாம். எடுத்து உள்ள வைங்க.

— ஏம்மா? தங்கமான டார்ச்சும்மா இது. கைக்கு அடக்கம், பார்க்க லட்சணம், போன இடத்துல ஒரு கெட்ட பேர் வாங்கினதில்லை.

— டார்ச்சைக் காட்டுறீங்களா, மாப்பிள்ளையைக் காட்டுறீங்களா?

— ரெண்டும் ஒண்ணுதானேம்மா. இருட்டுல கைவிடக் கூடாது. நான் சொல்றது சரிதானுங்களே தம்பி?

— என்னை இதுல இழுக்காதீங்கண்ணே. நர்ஸம்மா சொல்றதுதான் முடிவு. நான் சும்மா கூட வந்த லிஃப்ட் மெக்கானிக்.

— அண்ணே, இதுல மினுக் இருக்கா, அதைச் சொல்லுங்க.

— எது?

— அதான், ஒரு தடவை அமுக்கினா பளிச்னு எரியும், அப்புறம் மங்கலா எரியும், அப்புறம் மினுக் மினுக்னு கண்ணடிக்குமே, அது.

— இல்லாமப் போகுமா? மூணு விதமா மினுக்கும்மா! வேகமா, மெதுவா, அப்புறம் ஆபத்துன்னா ஒரு தினுசா...

— அப்போ வேணவே வேணாம்.

— பொறு பொறு. ஊசி, நீ கொஞ்சம் மூச்சு விடு. மினுக்குதுன்னே பாதிக் கடையைத் தள்ளிட்டே. வெளிய பார்த்தியா, வானம் எப்படிக் கறுத்துக்கிட்டு நிக்குதுன்னு? மழை இறங்கிடுச்சுன்னா அந்த பாட்டில் ஃபேக்டரி அடித்தளத்துல தண்ணி ஏறிடும். அப்புறம் படி எங்க, பள்ளம் எங்கன்னே தெரியாது.

— போகலைன்னா என்ன இப்போ? பூட்டிக் கெடக்குற ஃபேக்டரி எங்க ஓடிடப் போகுது?

— போன வாரம் பூரா போயே ஆகணும்னு குதிச்சது யாரு?

— குதிச்சேன். இப்போ குதிக்கலை.

— தம்பி, நீங்க நம்ம கடைக்கு வந்து போற ஆளு, நடுவுல வர்றேன்னு நினைக்காதீங்க. பூட்டிக் கெடக்குற ஃபேக்டரிக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?

— வேலைன்னு ஒண்ணும் இல்லண்ணே. லீவு நாள் வந்தா நாங்க ரெண்டு பேரும் இந்த மாதிரி ஆள் இல்லாத கட்டடம், ஓடாத ரயிலோட சுரங்கம்னு போய்ப் பார்ப்போம். பார்த்துட்டு வந்துடுவோம். ஒரு ஆணியைக்கூட எடுக்க மாட்டோம்.

— பேய் கீய் இருக்காதா?

— இருந்தா நல்லதுதான். அது வழி காட்டும், டார்ச்சு செலவு மிச்சம்.

— உங்களுக்கு பயமே இல்லையாம்மா?

— ஆஸ்பத்திரில வாரம் பூரா ஒரே கூப்பாடுண்ணே. அங்க போனா சொட்டுச் சொட்டா தண்ணி விழுற சத்தம் மட்டும்தான் கேக்கும். அதுக்காகவே போவேன். சரி, எனக்கு என்ன வேணும்னு நான் ஒழுங்கா சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. மூடின கைக்குள்ள அடங்கணும். பாக்கெட்ல போட்டா துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது. மாடிப்படியில இருந்து விழுந்தாலும் ஒண்ணும் ஆகக் கூடாது. தண்ணில முங்கினாலும் எரியணும்.

— இதெல்லாம் இருக்கே! இப்போ காட்டினேனே, இதைப் பாருங்க, தரையில போடறேன்...

— ஐயையோ!

— பார்த்தீங்களா? கீறல் விழுந்துச்சா? கண்ணாடி உள்வாங்கி இருக்கு பாருங்க. எப்படி விழுந்தாலும் விளிம்புதான் அடி வாங்கும், கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது. கிணத்துல போட்டாலும் உள்ளயே எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.

— கிணத்துல எரிஞ்சு யாருக்கண்ணே பிரயோஜனம்?

— தம்பி கிண்டல் பண்றாரு.

— அவர் பண்ணுவாரு. என்னோட பழசைத் தண்ணில தொலைச்சதே அவர்தான். போன மாசம் சுரங்கத்துக்குள்ள சத்தம் போட்டுக்கிட்டு ஓடி வந்தாரு, கால் தடுக்குச்சு, என் டார்ச்சு போயே போச்சு. இன்னிக்கும் அங்கதான் எங்கயாவது எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.

— அன்னிக்கு நான் ஓடினது எதுக்குன்னு அண்ணன்கிட்ட சொல்லேன்.

— அதெல்லாம் இப்போ எதுக்கு?

— சொன்னா என்ன? அண்ணே, அன்னிக்குத்தான் இவ என்னைக் கட்டிக்கறேன்னு சொன்னா.

— அடடே! சுரங்கத்துக்குள்ளயா? சொல்லவே இல்லையே! அப்போ டார்ச்சு போனா என்னங்க, வாழ்க்கை கெடைச்சிருக்கு! எப்போ கல்யாணம்?

— அண்ணே, டார்ச்சு.

— இதோம்மா, டார்ச்சுதான். அப்போ ஜோடியா எடுத்துக்கோங்க, ஒரே மாதிரி ரெண்டு...

— மினுக்காம இருக்கணும். அமுக்கினா எரியணும், அமுக்கினா அணையணும், வேற ஒண்ணும் பண்ணக் கூடாது. அதா எதையும் முடிவு பண்ணக் கூடாது. அப்படி இருக்கா இல்லையா?

— இந்தக் காலத்துல அப்படி யாரும்மா கேக்கறாங்க? பழைய சரக்கு பரண்ல ஏதாவது கெடக்கலாம். ஏணி போட்டு ஏறிப் பார்க்கணும்.

— ஏறிப் பாருங்கண்ணே. நாங்க இருக்கோம்.

— பார்த்து ஏறுங்கண்ணே. ஏணி ஆடுது.

— ஏணி ஆடலை தம்பி, நான்தான் ஆடறேன். இருங்க, வர்றேன்.

— ஊசி.

— என்ன?

— காலையில இருந்து நீ சரியில்லை. வண்டில வர்றப்போ ஒரு வார்த்தை பேசலை. இப்போ அந்த டார்ச்சு பட்டனை நூறு தடவை அமுக்கிட்டே. அதை வை கீழே.

— வச்சுட்டேன்.

— இன்னொண்ணை எடுத்துட்டே.

— உங்க அம்மா நேத்து போன் பண்ணாங்க. கல்யாணத்துக்குத் துணி எடுக்க எப்போ லீவு போடறேன்னு கேட்டாங்க. அத்தைன்னு கூப்பிடுன்னாங்க. நான் கூப்பிட்டேன்.

— கூப்பிட்டா என்ன தப்பு?

— எங்க அப்பா இன்னிக்கு மண்டபத்துக்குப் போறாரு, கையெழுத்துப் போட. ஆஸ்பத்திரில கேக் வெட்டிட்டாங்க. எங்க அண்ணன் உன்னை இப்பவே மாப்பிள்ளைங்கறான். எல்லாரும் ஓடறாங்க. நான் மட்டும் அந்தச் சுரங்கத்துலயே நிக்கற மாதிரி இருக்கு.

— பொறு. சுத்தி வளைக்காம சொல்லு.

— அன்னிக்கு நீ என்ன சொல்லிட்டுப் போனே? ஞாபகம் இருக்கா?

— அது மறக்குமா? உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு கேட்கத் தைரியம் இல்லை. அந்தக் கோடிக்குப் போய் நிக்கறேன், சம்மதம்னா ரெண்டு மினுக் மினுக்கு, இல்லைன்னா பேசாம டார்ச்சை அணைச்சிடு, நானும் கேக்கலை நீயும் சொல்லலைன்னு திரும்பி வந்துடறேன்னு சொன்னேன்.

— ஆமா.

— நான் போய் நின்னேன். நீ மினுக்கினே.

— நான் மினுக்கலை.

— என்னது?

— நான் மினுக்கலை, லிஃப்ட்டு. டார்ச்சுதான் மினுக்குச்சு. நான்... நான் அணைக்கத்தான் போனேன்.

— அணைக்கப் போனியா?

— உன்னைப் பிடிக்காம இல்லை. அதை மட்டும் நினைச்சுடாதே. நீ அந்தப் பக்கம் ஒரு புள்ளி மாதிரி நிக்கறே, எனக்கு என்னென்னமோ தோணுது. எங்க அக்கா சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டுல எப்படிக் கெடக்கறான்னு உனக்குத் தெரியும்ல? நமக்கு வேணாம், இப்படியே ஃப்ரெண்டா இருந்துடலாம்னு ஒரு பயம். அணைச்சிடலாம்னு பட்டனை அமுக்கினேன். ஒரு தடவைதான் அமுக்கினேன். அது மினுக் மினுக்னுச்சு. நான் என்ன ஏதுன்னு பார்க்கறதுக்குள்ள நீ கூச்சல் போட்டுக்கிட்டு ஓடி வந்துட்டே. அழுதுக்கிட்டே வந்தே. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு நான் எப்படிச் சொல்லுவேன்?

— எந்த டார்ச்சு மினுக்குச்சு?

— எந்த டார்ச்சா? உன்னோடதுதான். அங்க தண்ணி ஜாஸ்தின்னு என்னோடதை நீ வாங்கிட்டுப் போனே, உன்னோட இரும்பு உருண்டையை என் கைல திணிச்சே. அதைத்தான் சொல்றேன். அதோட மினுக்கு எத்தனையாவது அமுக்குல வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?

— என்னோட டார்ச்சு மினுக்குச்சு.

— ஆமா.

— நீ ஒரு தடவைதான் அமுக்கினே.

— சத்தியமா.

— சரி.

— என்ன சரி?

— நீ சொன்னா சரி.

— கோபமா?

— இல்லை.

— கத்திடேன். நீ கத்தினா எனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்.

— நடுவுல நின்னுபோன லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிட்டா, நாங்க மொதல்ல என்ன சொல்லுவோம் தெரியுமா? கதவை நீங்களா இழுக்காதீங்க, பயப்படாம நில்லுங்க, நாங்க வெளிய இருந்து திறக்கறோம்னு. நீ இத்தனை நாளா உள்ள நின்னுக்கிட்டு கதவை இழுத்துக்கிட்டு இருந்திருக்கே. எனக்குத்தான் தெரியலை.

— லிஃப்ட்டு...

— உங்க அப்பா கிளம்பிட்டாரா?

— கிளம்பியிருப்பாரு. ஏன்?

— கையெழுத்துப் போட்டுட்டா அவருக்குத்தான் கஷ்டம். நானே பேசிடறேன். எனக்கு வேலை மாறுது, இப்போ கல்யாணம் ஒத்துவராதுன்னு சொல்றேன். தப்பு என் மேலயே இருக்கட்டும்.

— பொய் சொல்லாதே. எங்க அப்பா உன்னைத் திட்டுவாரு.

— லிஃப்ட்டு பாதியில நின்னா வராத திட்டா? எனக்குப் பழக்கம்தான். என் போன் எங்க... இந்தா, இந்த டார்ச்சைக் கொஞ்சம் மேஜை மேல வை, பாக்கெட்ல இதுதான் அடைச்சுக்கிட்டு இருக்கு. இந்த சாவியையும் பிடி.

— இப்பவே பேசணுமா?

— இப்போ பேசலைன்னா அப்புறம் எனக்கு வாய் வராது. கடைக்குள்ள சிக்னல் இல்லை. வாசல்ல நிக்கறேன். நீ உனக்கு வேணுங்கறதை வாங்கிக்கோ. நல்லதா வாங்கு. இனிமே தனியா போனாலும் போவே.

— லிஃப்ட்டு! ஏய்... குடையாவது எடுத்துட்டுப் போ, தூறல் போடுது!

— யாரைம்மா கூப்பிடறீங்க? தம்பி எங்க?

— வெளிய... போன் பேசப் போயிருக்காரு. கெடைச்சுதாண்ணே?

— பரண் பூரா கிளறிட்டேன். எனக்குத் தும்மல்தான் மிச்சம். மினுக்காத டார்ச்சு இப்பல்லாம் வர்றதே... அட, என்னம்மா நீங்க!

— என்னண்ணே?

— மினுக்காத டார்ச்சு வேணும்னு என்னை ஏணில ஏத்தி விட்டுட்டு, மேஜை மேல அதையே வச்சுக்கிட்டு நிக்கறீங்களே!

— எது, இதுவா? இது அவரோடதுண்ணே. இது மினுக்கும்.

— இதுவா? நல்லா மினுக்குச்சு!

— நானே பார்த்திருக்கேன். ஒரு தடவை அமுக்கினேன், ரெண்டு தடவை மினுக்குச்சு.

— இதுக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாதும்மா. இந்தாங்க, கைல பிடிங்க. அமுக்குங்க. எரியுதா? இன்னொரு தடவை அமுக்குங்க. அணைஞ்சுதா? அவ்வளவுதான் இதோட படிப்பு. அணைஞ்சது மறுபடி எரிஞ்சுதுன்னா, மறுபடி நீங்க அமுக்கியிருக்கீங்கன்னு அர்த்தம்.

— பட்டன் லூசா இருந்திருக்கும்.

— லூசா? போன வருஷம்தான் தம்பி இங்கயே உக்காந்து புது பட்டன் போட்டாரு. எவ்வளவு கெட்டியா இருக்கு பாருங்க, கட்டை விரல் முழுசா இறங்கினாத்தான் அசையும். சும்மா கை பட்டதுக்கெல்லாம் எரியற டார்ச்சு இல்லம்மா இது.

— அவருக்கு... இது மினுக்காதுன்னு அவருக்குத் தெரியுமா?

— என்னம்மா கேள்வி இது? கழட்டி மாட்டினதே அவர்தானே. அவருக்குத் தெரியாதா? வேணும்னா கேட்டுப் பாருங்க, இதோ வாசல்லதான் போனைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கறாரு.

— டேய் லிஃப்ட்டு! போனை வை! நான்தான்டா... ரெண்டு மினுக்கும் நான்தான் மினுக்கினேன்!