பாரா மாற்றும் நேரம்

ஐப்பசியில் எங்கள் பள்ளத்தாக்கு மௌன விரதம் பூணும். மேகமலை முகில் போர்த்து அமர்ந்திருக்கும். ஆறு மட்டும் மெல்லத் தடிக்கும். சின்னமனூரில் துளி விழாத நாளிலும் மலையில் பெய்த மழை ஆற்றோடு வந்து சேரும். அதற்கு முன்னறிவிப்பாக நீர் சிவக்கும். இதை இங்கே பிறந்த எவரும் அறிவர்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், ஐயா. யுத்தம் தொடங்கிய ஆண்டு. பாலம் கட்டுவதற்கான வெடிமருந்தை ஆற்றின் நடுத்திட்டில் ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். காவலுக்கு நான் ஏட்டு. பகலில் பாரா நிற்க ஒச்சாண்டி, செல்லப்பாண்டி என்ற இரு போலீஸ்காரர்கள். மாற்றாள் வந்து துப்பாக்கியைக் கையில் வாங்கும் வரை, அல்லது நான் உத்தரவு கொடுக்கும் வரை, பாரா நிற்பவன் திட்டை விட்டு இறங்கக்கூடாது. இறங்கினால் வேலை போகும், சிறையும் உண்டு.

என் பூசை முடிந்த பிறகே பாரா மாற்றுவது வழக்கம். பதிகத்தைப் பாதியில் நிறுத்துவது பாவமல்லவா? வெயிலில் சற்றுக் கூடுதலாக நின்றார்கள், அவ்வளவே. ஒச்சாண்டி மேலே எழுதிப்போட்டான். விசாரிக்க வந்த துரை, எல்லோர் முன்னும் என் திருநீற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு உத்தரவிட்டார்: பாரா நான்கு மணி நேரம் மட்டுமே, ஓய்விலிருப்பவனை அந்த நான்கு மணி முடியுமுன் எழுப்பக்கூடாது.

அன்று மாலை ஒச்சாண்டியின் பேச்சு என் காதில் விழுந்தது.

"ஏலே செல்லப்பாண்டி, ஏட்டையா பாடி முடிக்க நாம கருவாடாக் காஞ்ச காலம் போச்சுலே."

நான் கோபிக்கவில்லை. இனிச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காப்பது என்று உறுதி பூண்டேன்.

பிறகொரு நாள் முற்பகலில் ஒச்சாண்டி திட்டிலிருந்து கூப்பிட்டான்.

"ஏட்டையா, தண்ணி முட்டிக்கு வந்துருச்சு. எறங்கிரவா?"

"மாத்தாள் ஓய்வுல இருக்கான்ப்பா. நீ கேட்டு வாங்குன சட்டந்தான்."

கரையோரக் குடிசையில் செல்லப்பாண்டி உறங்கிக்கொண்டிருந்தான். கூப்பாடு அவன் உறக்கத்தைக் கெடுக்காதபடி கதவைச் சாத்தினேன். ஒச்சாண்டி இன்னும் இருமுறை உத்தரவு கேட்டான். பிறகு கேட்கவில்லை; அப்போது இறங்கினாலும் பயனில்லை. நான் கரையில் அமர்ந்து, சஞ்சலமின்றிப் பதிகம் முழுவதும் பாடினேன். முடித்தபோது பாரா மாற்றும் நேரம் சரியாக வந்திருந்தது. திட்டு இல்லை.

அன்றைய முற்பகல் முறை செல்லப்பாண்டியுடையது. விடியலில் நீராடியபோது ஆறு சிவந்திருந்ததைக் கண்டேன். கண்ட பின்பே முறையை மாற்றினேன். மற்றபடி நான் விதி மீறியதில்லை.

அடுத்த சனிக்கிழமை குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கேற்றி, அவன் ஆன்மா அமைதியுற வேண்டினேன். அவன் மனைவி மூக்கம்மாள் கைக்குழந்தையான மகளோடு வந்து என்னை வணங்கினாள்.

"நீங்க உத்தரவு குடுக்காம அவுக எறங்கியிருக்க மாட்டாகய்யா. எனக்குத் தெரியும்."

விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, குழந்தையின் நெற்றியில் திருநீறு இட்டேன்.

"நூறு வருசம் இரு, ஆத்தா. பெரியவுக சொல் கேட்டு நட."